பிரா போடுவதும் சரிசெய்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நானும் என் நாத்தனாரும் பல வருடங்களாக ஒரு சின்ன லேடீஸ் கடை நடத்துகிறோம். சேலைக்கு ஃபால்ஸ் கேட்கும்போது ஊருக்கே கேட்கும் குரல், பிரா கேட்கும்போது மட்டும் தொண்டைக்குள் போய்விடும். அப்படிக் கிசுகிசுப்பாகக் கேட்கப்பட்டவற்றை இங்கே சத்தமாகவே எழுதியிருக்கிறேன்.

சாயங்காலம் ஆனால் தோள் விண்விண் என்று வலிக்கிறது. ஸ்ட்ராப் பதிந்த இடம் பள்ளமாகவே ஆகிவிட்டது. தளர்த்தினால் மார்பு இறங்கிவிடுகிறது. என்ன செய்ய?

எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. ஸ்ட்ராப்பின் மேல் பழி போடாதீர்கள். அது தன் வேலையோடு இன்னொருவர் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறது.

மார்பின் எடையைத் தாங்க வேண்டியது, மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி வரும் பட்டை. குடத்தை இடுப்பில் வைத்தால் அரை மைல் நடக்கலாம், அதையே கயிறு கட்டித் தோளில் தொங்கவிட்டால் தெருமுனை தாண்டுவதே கஷ்டம். பட்டை தொளதொளவென்று இருந்தால் எடை முழுக்கத் தோளுக்குப் போகிறது. நீங்கள் ஸ்ட்ராப்பை இழுத்து இறுக்குகிறீர்கள், அது பட்டையை முதுகில் மேலே தூக்குகிறது, முன்பக்கம் இன்னும் இறங்குகிறது, மறுபடி இறுக்குகிறீர்கள்.

ஒரு சோதனை. பிராவைப் போட்டுக்கொண்டு இரண்டு ஸ்ட்ராப்பையும் தோளிலிருந்து கீழே தள்ளிவிடுங்கள். பிரா இருந்த இடத்திலேயே ஏறக்குறைய நின்றால் பட்டை சரி. பொத்தென்று இறங்கினால் தோள்தான் இத்தனை நாளும் சுமந்திருக்கிறது. பட்டையில் ஒரு அளவு குறைத்துப் பாருங்கள். கப்பைக் குறைக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த பதிலில்.

என் ஜாக்கெட் அளவு 36. பிராவும் 36 தானே வாங்க வேண்டும்?

இல்லை. எங்கள் கடைக்கு வரும் தவறான அளவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இந்த ஒரு வாக்கியம்தான்.

ஜாக்கெட்டின் 36 என்பது மார்பின் எடுப்பான இடத்தைச் சுற்றி எடுத்த இன்ச் அளவு. பிராவின் எண்ணோ மார்புக்குக் கீழே விலா எலும்பின் மேல் எடுக்கும் சுற்றளவிலிருந்து வருவது. எடுப்பான இடத்தின் கணக்கு, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏ, பி, சி, டி என்ற எழுத்தில் இருக்கிறது. எண்ணை மட்டும் சொல்லிவிட்டு எழுத்தைச் சொல்லாமல் வாங்குவது, செருப்புக் கடையில் அகலத்தைச் சொல்லி நீளத்தை விடுவது போல.

ஒரு உதாரணம். கீழ்ச்சுற்று 74 செ.மீ., எடுப்பான இடத்தில் 91 செ.மீ. அதாவது கிட்டத்தட்ட 36 இன்ச். இந்தப் பெண் கடையில் "36" என்பார். கடைக்காரர் கையில் கிடைக்கும் 36பியை எடுத்துத் தருவார். ஆனால் 73 முதல் 77 செ.மீ. வரை உள்ள கீழ்ச்சுற்று ஐரோப்பிய அளவுமுறையில் 75, நம் கடைகளின் எண்ணில் அது 34. இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 17 செ.மீ. 12-14 என்றால் ஏ, 14-16 பி, 16-18 சி, 18-20 டி. ஆக இவருக்கு 34சி.

வேடிக்கை என்னவென்றால், 36பிக்கும் 34சிக்கும் கப்பின் கொள்ளளவு ஏறக்குறைய ஒன்றேதான். பட்டையில் ஓர் எண் ஏறினால் எழுத்தில் ஒன்று இறங்க வேண்டும், எண் இறங்கினால் எழுத்து ஏற வேண்டும். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு 36பியின் கப் பொருந்திய மாதிரியே இருக்கும், குறை எங்கே என்று பிடிபடாது. முதுகுப் பட்டை மட்டும் ஒரு சுற்றுப் பெரிது. தோள் வலிக்கும். நானே கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பன்னிரண்டு வருடம் அந்த 36பியைத்தான் போட்டேன்.

மற்ற எண்களையும் சொல்லிவிடுகிறேன்: 63-67 செ.மீ. என்றால் 30, 68-72க்கு 32, 78-82க்கு 36, 83-87க்கு 38. இன்ச்சில் யோசிப்பவர்களுக்கு, கீழ்ச்சுற்றோடு நான்கோ ஐந்தோ கூட்டினால் வரும் இரட்டைப்படை எண் என்று வைத்துக்கொள்ளலாம். எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி தைப்பதில்லை. சிலர் கூட்டாமலே எண் போடுகிறார்கள். பெட்டியின் பின்பக்கம் செ.மீ. அட்டவணை இருந்தால் அதுதான் கடைசி வார்த்தை.

வீட்டில் நானே டேப் வைத்து அளக்கலாமா?

தாராளமாக. தையல் டேப் போதும். பஞ்சு வைக்காத, தொய்ந்துபோகாத பிராவைப் போட்டுக்கொண்டு அளங்கள். கீழ்ச்சுற்றுக்கு மூச்சை வெளியே விட்டு, டேப்பை உடம்போடு ஒட்டப் பிடியுங்கள். மேல்சுற்றுக்கு அப்படி இறுக்கக் கூடாது, டேப் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். கண்ணாடியில் பக்கவாட்டில் நின்று பாருங்கள்: பெரும்பாலோருக்கு முதுகுப் பக்கம் டேப் சரிந்திருக்கும், அளவு தப்புவது அங்கேதான். மாதவிலக்குக்கு முந்திய சில நாட்களில் மார்பு சற்று வீங்குவது பலருக்கும் உண்டு, அந்த வாரத்தை விட்டுவிட்டு அளங்கள்.

ஹூக்கை முன்னால் மாட்டிவிட்டு பின்னால் திருப்பிக்கொள்வேன். அது தப்பு என்கிறார்களே?

தப்பெல்லாம் இல்லை. பாதிக்கு மேல் பெண்கள் அப்படித்தான் போடுகிறார்கள் என்பது என் கணிப்பு. திருப்பும்போது வேர்வை உடம்பில் பட்டை முறுக்கிக்கொண்டு இழுபடும், வருடக் கணக்கில் எலாஸ்டிக் கொஞ்சம் சீக்கிரம் தளரும், கம்பி வைத்த பிராவாக இருந்தால் கப் கோணலாகும். அவ்வளவுதான் நஷ்டம். கை பின்னால் வளையாதவர்கள் அப்படிப் போடுவதே நல்லது.

எப்படி ஹூக் மாட்டினாலும், அதற்கப்புறம் செய்யும் ஒரு காரியத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை. இடுப்பிலிருந்து முன்னால் குனியுங்கள், வாசலில் கோலம் போடக் குனிவது போல. மார்பு தானாகக் கப்புக்குள் இறங்கும். குனிந்தபடியே வலது கையை இடது கப்புக்குள் விட்டு, அக்குள் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் சதையை முன்னால் வாரி எடுத்துக் கப்பில் வையுங்கள். அந்தப் பக்கமும் அதேபோல. அக்குளோரம் பிதுங்குவதைக் 'கொழுப்பு' என்று நினைத்து வருத்தப்படும் பலருக்கு, அது கப்புக்குள் போக வேண்டிய மார்புதான். பிறகு கீழ்ப்பட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறை அசைத்து, மார்பின் அடி மடிப்பில் உட்கார வையுங்கள். நிமிர்ந்து நின்ற பிறகுதான் ஸ்ட்ராப்.

மொத்தம் அரை நிமிடம். முதல் தடவை இப்படி வாரி வைத்துவிட்டு, "கப் பத்தவில்லையே!" என்று ஆச்சரியப்படுவார்கள். ஆமாம், பத்தாது. உங்களுக்கு இன்னும் ஓர் எழுத்து கூட வேண்டும்.

மூன்று வரிசை ஹூக் இருக்கிறதே, எதில் மாட்டுவது?

புதிது என்றால் ஓரத்தில் உள்ள, மிகத் தளர்ந்த வரிசையில். அதில் சரியாக இருந்தால்தான் வாங்க வேண்டும். போடப் போட எலாஸ்டிக் தளரும்போது உள்ளே உள்ள வரிசைக்குப் போவீர்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போதே கடைசி உள் வரிசையில்தான் பிடிப்பாக இருக்கிறது என்றால், இரண்டு மாதத்தில் மேற்கொண்டு இறுக்க இடமில்லாமல் போகும்.

பிடிப்பு எவ்வளவு? முதுகில் பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஒரு கையே நுழைந்தால் பெரிது. விரலே நுழையவில்லை, மூச்சு இழுத்தால் விலாவில் குத்துகிறது என்றால் சிறிது. ஹூக்கோடு இணைக்கும் நீட்டுத் துண்டு ஃபேன்சி ஸ்டோரில் தனியாகக் கிடைக்கும். கொஞ்சம் எடை ஏறியவர்கள் புதிது வாங்கும்வரை அதைச் சமாளிப்பாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ராப் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கிறது.

முதலில் ஸ்ட்ராப்பில் இருக்கும் சின்ன வளையத்தை நகர்த்திச் சரிசெய்யுங்கள். அது துவைக்கத் துவைக்கத் தானாக நகரும், மாதம் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். தோளுக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவே ஒரு விரல் போய் வர வேண்டும். சரிசெய்தும் நழுவினால் பட்டை பெரிதாக இருக்கலாம், அல்லது உங்கள் தோள் சரிவானதாக இருக்கலாம். சரிந்த தோளுக்கு, ஸ்ட்ராப் முதுகின் நடுவை நோக்கி வரும் மாதிரியோ பின்னால் குறுக்கே பின்னிய மாதிரியோ வாங்குங்கள். இரண்டு ஸ்ட்ராப்பையும் முதுகில் சேஃப்டி பின் போட்டு இழுத்துக் குத்துவது நம் ஊர் வழக்கம். பின் குத்துவதற்குப் பதில் அதற்கென்றே விற்கும் பிளாஸ்டிக் கிளிப்பைப் போடுங்கள், துணியும் கிழியாது, முதுகும் தப்பிக்கும்.

கப்பின் மேல்பக்கம் காலியாக நிற்கிறது. அப்படியென்றால் கப் பெரிது, சரியா?

எப்போதும் அப்படி இல்லை. குனிந்து வாரி வைக்காமல் போட்டிருந்தாலும் மேலே காலியாக நிற்கும். கப் சிறிதாக இருந்து மார்பு உள்ளே முழுதாக இறங்காமல் பிராவை முன்னால் தள்ளினாலும் அப்படித்தான் தெரியும். குழந்தை பெற்றவர்களுக்கு மேல்பக்கம் இளகியிருக்கும், அவர்களுக்கு முழுக் கப்பைவிட மேல்பக்கம் தாழ வெட்டிய மாதிரி பொருந்தும்.

இரண்டு கப்புக்கும் நடுவில் இருக்கும் துண்டைப் பாருங்கள். கம்பி பிராவில் அது நெஞ்செலும்பில் ஒட்டி உட்கார வேண்டும், தூக்கிக்கொண்டு நின்றால் கப் சிறிது. கப்பின் மேல் விளிம்பு மார்பை இரண்டாகப் பிரித்தாலும் சிறிது, அக்குள் பக்கம் கம்பி சதை மேலேயே ஏறிக் குத்தினாலும் சிறிது. கம்பியின் முனை மார்பு முடிந்த பிறகு, விலாவில் நிற்க வேண்டும்.

ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. ஏதாவது நோயா?

இரண்டு பக்கமும் அச்சு வார்த்தது போல இருக்கும் பெண்ணை நான் பார்த்ததில்லை. பெரிய பக்கத்துக்கு அளவு வாங்கி, சின்னப் பக்கத்து ஸ்ட்ராப்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். எடுத்து வைக்கும் பஞ்சு உள்ள பிராவென்றால் பெரிய பக்கத்துப் பஞ்சை எடுத்துவிடுங்கள். ஆனால் நேற்றுவரை இல்லாத வித்தியாசம் புதிதாக வந்திருந்தால், கட்டி தட்டுப்பட்டால், தோல் குழிந்தால், காம்பு உள்ளிழுத்தால், காம்பிலிருந்து நீரோ ரத்தமோ கசிந்தால் பிரா கடைக்கு வராதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

ஜாக்கெட் எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் முன்பக்கம் சுருங்குகிறது. டெய்லரை மாற்றிப் பார்த்துவிட்டேன்.

டெய்லர் பாவம். நீங்கள் எந்தப் பிராவோடு அளவு கொடுத்தீர்கள்? வீட்டில் போடும் பழைய, தொய்ந்த பிராவோடு போய் அளவு கொடுத்துவிட்டு, கல்யாணத்தன்று புதுப் பிரா போட்டால் மார்பின் உயரமே ஒரு இன்ச் மாறிவிடும். டாட் (மார்பு வடிவத்துக்காகத் தைக்கும் மடிப்பு) பிடித்த இடம் ஒன்று, மார்பு நிற்கும் இடம் இன்னொன்று. அந்த ஜாக்கெட்டுக்குள் எதைப் போடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டு அளவு கொடுங்கள். அளவு ஜாக்கெட் கொடுத்து அனுப்புகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு முந்தைய அளவு ஜாக்கெட், மூன்று வருடத்துக்கு முந்தைய உடம்பு.

அகலக் கழுத்து வைக்கும்போது, தோள் பட்டைக்கு உள்ளே சின்னத் துணி நாடா வைத்து பிரஸ் பட்டன் அடிக்கச் சொல்லுங்கள். பிரா ஸ்ட்ராப்பை அதற்குள் விட்டு அமுக்கிவிட்டால் நாள் முழுக்க வெளியே எட்டிப் பார்க்காது. கேட்டால் எந்த டெய்லரும் செய்து தருவார். கேட்கத்தான் வெட்கப்படுகிறோம்.

என் அம்மா "பாடி" என்பார். அது வேறு, பிரா வேறா?

வேலை ஒன்றுதான். அம்மா காலத்துப் பாடி, எலாஸ்டிக் அதிகம் இல்லாத கெட்டிப் பருத்தியில் கூம்பாகத் தைத்தது. துணி இழுபடாது என்பதால் அளவு சரியாக இருந்தே ஆக வேண்டும். சென்னையில் 1939இல் தொடங்கிய நாயுடு ஹால் பெயர் வாங்கியதே இப்படிப்பட்ட உள்ளாடையில்தான். கப்புக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து கொடுக்கும் வழக்கமே 1930களில் அமெரிக்காவில் வந்தது. நம் ஊர்க் கடைகளில் அந்த எழுத்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் பாதிதான் வந்திருக்கிறது.

பெண்ணுக்குப் பத்து வயது. எப்போது பழக்கலாம்?

வயதைப் பார்க்காதீர்கள், அவளைப் பாருங்கள். எட்டிலிருந்து பதின்மூன்றுக்குள் எப்போது வேண்டுமானாலும் மார்பு அரும்பலாம். முதலில் ஒரு பக்கம் மட்டும் காம்புக்கு அடியில் நெல்லிக்காய் மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். கட்டியோ என்று பதறும் அம்மாக்களுக்குச் சொல்கிறேன், அந்த வயதில் பெரும்பாலும் அது வளர்ச்சிதான். கொஞ்ச மாதத்தில் மறுபக்கமும் வரும். ஓடும்போது அவளுக்கு வலித்தால், அல்லது யூனிஃபார்மில் தெரிகிறது என்று அவளே கூச்சப்பட்டால் அதுதான் நேரம். சிம்மீஸிலேயே முன்பக்கம் இரட்டைத் துணி வைத்தது போதும். கம்பியும் பஞ்சும் வேண்டாம். அண்ணன், தம்பி, அத்தை, பாட்டி என்று எல்லோர் முன்னாலும் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

மாசமாக இருக்கிறேன். பாலூட்டும் பிராவை எப்போது வாங்க?

கடைசி மாதத்தில் ஒன்றிரண்டு மட்டும். பால் இறங்கியதும் கப் இன்னும் பெரிதாகும், அதனால் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். வயிறு நிறைந்திருக்கும்போது விலாவும் விரிந்திருக்கும். எனவே இப்போது தளர்ந்த ஹூக்கில் பொருந்துவதாக வாங்கினால், பிரசவத்துக்குப் பின் உள்ளே தள்ளி மாட்டிக்கொள்ளலாம். ஒரு கையில் குழந்தை இருக்கும், இன்னொரு கையால் மட்டும் கப்பின் கிளிப்பைத் திறந்து மூட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். இறுக்கமான பிராவும் கம்பியும் பால் குழாயை அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும், அந்த மாதங்களில் இரண்டும் வேண்டாம். மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டர்.

மார்புக்கு அடியில் வேர்க்குரு, அரிப்பு. பவுடர் போட்டும் போகவில்லை.

வேர்வையோடு பவுடர் சேர்ந்தால் களிம்புதான் மிஞ்சும். கழுவி, ஈரம் போகத் துடைத்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்ட பிறகு பிரா போடுங்கள். வெயில் காலத்தில் பருத்தி, மத்தியானம் ஒருமுறை மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது. ஓரம் சிவந்து வட்டமாகப் பரவினால் அது படையாக இருக்கலாம். மெடிக்கலில் தாங்களாகக் களிம்பு வாங்கிப் பூசாமல் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பிராவைக் கொடியில் துண்டுக்கு அடியில், இல்லாவிட்டால் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஒளித்துக் காயப்போடுகிறோம். காயாமலே அரை ஈரத்தில் எடுத்துப் போடுகிறோம். பாதி அரிப்புக்குக் காரணம் அந்த ஈரம்தான். ஆண்களின் பனியனும் ஜட்டியும் மொட்டை மாடியில் ராஜாவாகக் காயும்போது இதற்கு மட்டும் என்ன மறைவு? காற்றோட்டமாக, வெளிச்சத்தில் காயப்போடுங்கள்.

ராத்திரி பிராவோடு தூங்கினால் புற்றுநோய் வரும் என்கிறார்களே? கறுப்பு பிரா போடக்கூடாது என்றும் வாட்ஸ்ஆப்பில் வந்தது.

வராது. நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரின் ஃபிரெட் ஹட்சின்சன் புற்றுநோய் ஆய்வு மையம் 55 முதல் 74 வயதுள்ள 1,500க்கும் மேற்பட்ட பெண்களிடம், தினம் எத்தனை மணி நேரம் பிரா, கம்பி வைத்ததா, எந்த வயதிலிருந்து என்றெல்லாம் கேட்டு 2014இல் முடிவை வெளியிட்டது. பிராவுக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ராத்திரி கழற்றுவதும் போடுவதும் உங்கள் சௌகரியம். நான் வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிற கட்சி.

அதேபோல, போடாவிட்டால் தொங்கிவிடும், பால் கொடுத்தால் தொங்கிவிடும் என்பதும் வெறும் பேச்சுதான். மார்பு தளர்வதற்கு வயது, எடை, எத்தனை முறை கர்ப்பம், புகைப்பழக்கம் ஆகியவைதான் காரணமாகத் தெரிகின்றன. பாலூட்டுவதன் மேல் பழி வேண்டாம்.

காலையில் வாக்கிங் போகிறேன். தனிப் பிரா தேவையா?

நடைக்கு, பொருந்தும் சாதாரணப் பிரா போதும். ஓட்டம், ஸ்கிப்பிங், ஜிம் என்றால் ஸ்போர்ட்ஸ் பிரா. சின்ன மார்புக்கு அமுக்கிப் பிடிக்கும் மாதிரி, பெரிய மார்புக்கு ஒவ்வொரு பக்கத்தையும் தனிக் கப்பில் தாங்கும் மாதிரி. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்டில் மூன்று பெண்கள் சேர்ந்து இதை முதலில் செய்தபோது, ஆண்கள் விளையாடும்போது போடும் இரண்டு ஜாக்ஸ்ட்ராப்பைச் சேர்த்துத் தைத்துத்தான் சோதித்தார்கள். போட்டுப் பார்க்கும்போது கடையிலேயே நாலு தடவை குதித்துப் பாருங்கள், நாங்கள் சிரிக்க மாட்டோம்.

அம்மாவுக்குச் சர்க்கரை, தோள்பட்டை இறுகிக் கை பின்னால் போகவே மாட்டேன் என்கிறது.

முன்பக்கம் ஹூக் வைத்தது வாங்கிக் கொடுங்கள். போடும்போது வலிக்கும் கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியாக எடுக்க வேண்டும். தலைவழியாகப் போடுவதை வாங்காதீர்கள், கை உயராதவர்களுக்கு அது தண்டனை. மார்பக அறுவை செய்தவர்களுக்கும் முதல் வாரங்களில் முன் ஹூக்தான் சுலபம். செயற்கை மார்பு வைக்க உள்பை தைத்த பிராக்கள் தனியாக இருக்கின்றன. எப்போதிலிருந்து வைக்கலாம் என்பதை அறுவை செய்த டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்க் கடையில் போட்டுப் பார்க்க விடுவதில்லை. விற்பதும் ஆண்தான்.

செ.மீ. அளவு இரண்டையும் சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள், பேசவே வேண்டாம். மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டு, ஒன்றே ஒன்று வாங்குங்கள். வீட்டில் லேபிளைக் கிழிக்காமல், மெல்லிய பனியனுக்கு மேலே போட்டு, குனிந்து, வாரி, நிமிர்ந்து, கையைத் தூக்கிப் பாருங்கள். கை தூக்கும்போது பட்டை மேலே ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சரியாக இருந்தால் அப்புறம் இன்னும் இரண்டு.

மொத்தம் எத்தனை வேண்டும்? எத்தனை நாள் வரும்?

மூன்று நான்கு இருந்தால் மாற்றி மாற்றிப் போடலாம். ஒரே பிராவைத் தொடர்ந்து இரண்டு நாள் போடாதீர்கள், எலாஸ்டிக் சுருங்கிப் பழைய நிலைக்கு வர ஒரு நாளாவது அவகாசம் வேண்டும். ஹூக்கை மாட்டிவிட்டு, கையால் அலசி, முறுக்காமல் பிழியுங்கள். மெஷினில் போட்டே ஆக வேண்டும் என்றால் வலைப்பைக்குள் போடுங்கள். கொதிக்கும் நீர், இஸ்திரி இரண்டும் எலாஸ்டிக்குக்கு எமன். தினமும் போடும் பிரா ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை உழைக்கும். கடைசி ஹூக்கில் மாட்டியும் பட்டை முதுகில் ஏறுகிறது என்றால் அதன் காலம் முடிந்தது. கம்பியை உருவிவிட்டுத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம். பருத்தி நன்றாக ஈரம் உறிஞ்சும்.